கையெழுத்து வாங்கும் முன் சொல்லுங்கள்: மின்கார் விநியோகஸ்தர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரின் அதிகாரபூர்வ மின்கார் விநியோகஸ்தர்களுக்கு,

வணக்கம்.

150 கிலோவாட் காருக்கு சக்தி மிகுந்த கார்களுக்கான ‘பி’ பிரிவில் சிஓஇ (ஏலத்தில் எடுக்க வேண்டிய வாகன உரிமைச் சான்றிதழ்) எடுத்துக் கொடுத்த கையோடு, அதே காரின் சக்தி குறைந்த ரகத்தை ‘ஏ’ பிரிவில் இறக்குவது இப்போது மறுபடியும் நடந்திருக்கிறது. 2022 மே மாதம் மின்கார்களுக்கான ‘ஏ’ பிரிவின் சக்தி வரம்பு 110 கிலோவாட்டாக உயர்ந்ததிலிருந்தே இப்படியொரு ரகத்துக்கு இங்கே தேவை இருப்பது நீங்கள் அறிந்ததுதான்.

இடையில் மாட்டிக்கொள்பவரின் நிலையைக் கொஞ்சம் பாருங்கள். சிஓஇ அவர் பெயரில் கிடைத்துவிட்டது. பிறருக்கு மாற்ற முடியாது. ‘பி’ பிரிவுச் சான்றிதழை வைத்து ‘ஏ’ பிரிவுக் காரைப் பதிவு செய்யவும் வழியில்லை. ஆறு மாதத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் ஏலத்துக்குக் கட்டிய 10,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வைப்புத்தொகை பறிபோகும். வேண்டாத ரகத்தைப் பதிவு செய்வதா, பத்தாயிரத்தை இழப்பதா? பதிவு செய்தால், ஏழு ஆண்டுவரை கடன் கட்டவேண்டிய காரின் மறுவிற்பனை மதிப்பைப் புது ரகம் முதல் நாளிலிருந்தே கீழே இழுக்கும்.

“எங்களுக்கே கடைசி நேரத்தில்தான் தெரியும்” என்பதை ஏற்க இயலவில்லை. புது ரகத்தைப் பதிவு செய்ய நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். அதற்கு விண்ணப்பிக்கும்போதே உங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. முன்கூட்டி அறிவித்தால் கையிருப்பு தேங்கும் என்ற கவலை நியாயமானது. ஊருக்கு அறிவிக்க வேண்டாம். கையெழுத்துப் போடுபவரிடம் மட்டும் சொல்லுங்கள்.

முன்பதிவுப் படிவத்தில் ஒரு வரி போதும்: இதே மாடலில் ஒப்புதலுக்கு அனுப்பியுள்ள ரகங்கள் எவை? ஏலத்துக்கு முன் புது ரகம் வந்தால், முன்பணம் குறையாமல் அதற்கு மாற விடுங்கள். பதிவான கார்களில் வன்பொருள் ஒன்றே என்றால், புது ரகத்தின் மென்பொருள் வசதிகளை அவற்றுக்கும் தாருங்கள்.

2024 ஆகஸ்டில் சீனாவில் ஸீக்கர் 001 என்ற மின்கார் ஓராண்டுக்குள் மீண்டும் புதுப்பிக்கப்பட்டபோது பழைய உரிமையாளர்கள் கொதித்தார்கள். முதலில் நம்பி வாங்கியவர்கள் அவர்கள். இங்கேயோ ஒவ்வோர் ஏலத்துக்கும் “இந்த விலை இந்த வாரம் மட்டும்” என்று அவசரப்படுத்துகிறீர்கள். நாளை வரப்போகும் ரகத்தை மறைத்துவிட்டு இன்றே முடிவெடுக்கச் சொல்வது முறையல்ல.

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்தருளுங்கள். முதலில் கேட்பது படிவத்தில் அந்த ஒரு வரியைத்தான். அடுத்த முன்பதிவுப் படிவத்திலேயே அதைச் சேர்க்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
மின்கார் வாங்கியோரும் வாங்கவிருப்போரும்