பதினேழு வருஷ வேலைக்கு யார் கையெழுத்து?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின்கம்பியாள் உதவியாளர் (வயர்மேன் ஹெல்பர்) தகுதிகாண் தேர்வு பற்றி உங்கள் நாளிதழில் சின்னதாக ஒரு செய்தி வந்திருந்தது. 21 வயது நிறைந்திருக்க வேண்டும், வயரிங் தொழிலில் 5 ஆண்டு அனுபவம் வேண்டும், உச்ச வயது வரம்பு கிடையாது. படிக்க எளிதாகத்தான் இருக்கிறது. அந்தத் தேர்வை எழுதியவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும்.

நான் விண்ணப்பித்தபோது 17 வருஷமாக வயரிங் செய்துகொண்டிருந்தேன். அனுபவச் சான்று கேட்டார்கள். முதல் ஒன்பது வருஷம் ஒரே கான்ட்ராக்டரிடம் இருந்தவன். சனிக்கிழமை கையில் கூலி, அதோடு சரி. பதிவேடு எல்லாம் இல்லை. அவரிடம் போய் நின்றால், "இன்னைக்கு எழுதிக் குடுத்தா நாளைக்கு பி.எஃப். கேப்பே" என்று அனுப்பிவிட்டார். சுவரில் காடி வெட்டி, பைப் பதித்து, வயர் இழுத்து, மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டி.பி. பெட்டியை மாட்டியது நான். மின் இணைப்பு கேட்டுப் போன தாளில் உரிமம் உள்ளவர் கையெழுத்து. பிறகு நான் வேலை பார்த்த இன்னொரு உரிமதாரர் மனசு வைத்து எழுதிக் கொடுத்ததால் தப்பித்தேன்.

தேர்வைக் குறை சொல்ல மாட்டேன். அதுவரை டெஸ்ட் லாம்ப் எரிந்தால் போதும், வேலை முடிந்தது என்று வீட்டை ஒப்படைத்துவிடுவேன். மெகர் என்கிற மீட்டரை வைத்து, வயரில் மின்கசிவைத் தடுக்கும் இன்சுலேஷன் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அளவு ஒரு மெகா ஓமுக்குக் கீழே வந்தால் சப்ளை கொடுக்கக் கூடாது என்பதெல்லாம் தேர்வுக்குப் படித்தபோதுதான் மண்டையில் ஏறியது. முன்னால் முடித்த வீடுகளை நினைத்துக் கொஞ்ச நாள் தூக்கம் இல்லை, அது தனிக் கதை.

என் மகன் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு, 1961ஆம் ஆண்டு தொழிற்பழகுநர் சட்டப்படி ஒரு கம்பெனியில் பழகுகிறான். சேர்ந்த அன்றே ஒப்பந்தம் பதிவாகிவிட்டது. மாதா மாதம் உதவித்தொகை, முடிவில் தேர்வு, தேசியச் சான்றிதழ். அவனுடைய ஒரு வருஷத்துக்கு இருக்கிற கணக்கு என் 17 வருஷத்துக்கு இல்லை.

இதற்குப் புதிதாக ஒரு திட்டம் வேண்டியதில்லை. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் எங்களில் பலர் பதிந்திருக்கிறோம். அட்டையில் தொழிலும் பதிந்த தேதியும் இருக்கின்றன, புதுப்பிக்கவும் செய்கிறோம். அந்த வருஷங்களையே அனுபவமாக எடுத்துக்கொள்ளலாமே. பொய்யாகப் பதிந்தவர்கள் உள்ளே வந்துவிடுவார்கள் என்றால், வரட்டும். தேர்வில் பலகையைக் கொடுத்து, மாடிப்படி லைட்டை மேலேயும் கீழேயும் இருந்து போட்டு அணைக்கிற டூவே சுவிட்ச் கனெக்‌ஷன் கொடுக்கச் சொன்னால் பத்து நிமிஷத்தில் ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

இப்போது என்னிடம் இரண்டு பையன்கள் வேலை பழகுகிறார்கள். ஆளுக்கு ஒரு நோட்டுப் போட்டு, எந்தத் தெரு, எத்தனை பாயின்ட், என்ன தேதி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வருகிறேன். அதைச் சான்றாக எடுத்துக்கொள்வார்களா என்று தேர்வுத் துறைதான் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வயர்மேன்,
வத்தலக்குண்டு.