வாசிப்பு வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் விழா நடந்தது. சித்திரைக் கூட்டம் மழையால் ஒரு வாரம் தள்ளி நடந்தது. குழந்தைகளின் கதை நேரம் மாதாமாதம் நடக்கிறது.

இனி, நான் கேட்டு வாங்கிய வரலாற்று வாசிப்பு. அமெரிக்க உள்நாட்டுப் போர் நமக்கு எதற்கு என்று போன பொதுக்குழுவிலேயே கேட்டார்கள். நாம் குடியிருப்பது கேன்சஸ் சிட்டியில், கேன்சஸ் மாநிலமும் மிசௌரி மாநிலமும் சந்திக்கும் எல்லையில். 1861இல் போர் தொடங்குவதற்கு ஐந்து ஆண்டு முன்பே இங்கே ரத்தம் சிந்திவிட்டது.

1820இல் மிசௌரியை அடிமைமுறை உள்ள மாநிலமாகச் சேர்க்க முடிவு செய்தபோது, அதற்கு மேற்கே 36 பாகை 30 கலை அட்சரேகைக்கு வடக்கில் அடிமைமுறை கூடாது என்று கோடு போட்டார்கள். 1854இல் செனட்டர் ஸ்டீபன் டக்ளஸின் சட்டம் அந்தக் கோட்டை அழித்து, அதற்கு வடக்கே இருந்த கேன்சஸில் குடியேறுபவர்களே வாக்களித்து முடிவு செய்யட்டும் என்றது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் 1855 மார்ச் தேர்தலில் வாக்குரிமை இருந்தது சுமார் 2,900 பேருக்கு, விழுந்த வாக்குகளோ 6,300க்கு மேல், அடிமைமுறையை ஆதரித்த மிசௌரிக்காரர்கள் துப்பாக்கியோடு எல்லை தாண்டி வந்து போட்டுவிட்டுப் போனார்கள். 1856 மே 21 அன்று அடிமைமுறை ஆதரவாளர்கள், எதிர்ப்பாளர்களின் ஊரான கேன்சஸின் லாரன்ஸைச் சூறையாடி ஃப்ரீ ஸ்டேட் ஹோட்டலைக் கொளுத்தினார்கள். மறுநாள் செனட் அவைக்குள்ளேயே அடிமைமுறையை எதிர்த்த செனட்டர் சார்லஸ் சம்னரைத் தென் கரோலினா பிரதிநிதி பிரஸ்டன் புரூக்ஸ் கைத்தடியால் அடித்துச் சாய்த்தார். அடுத்த இரண்டு நாளில் கேன்சஸில் அடிமைமுறை எதிர்ப்பாளர் ஜான் பிரவுனின் கூட்டம் அடிமைமுறை ஆதரவாளர்கள் ஐந்து பேரை இரவில் வீட்டிலிருந்து இழுத்துவந்து கொன்றது. எல்லாம் ஒரே வாரத்தில்!

அந்த லாரன்ஸுக்குத்தான் போகலாம் என்றேன். ஒரு மணி நேரம்கூட ஆகாது. பெயர் கொடுத்தவர்கள் 14, வந்தவர்கள் 5. வேன் வாடகையைத் திருப்பித் தரவில்லை. வராதவர்களில் ஒருவர்கூட முதல் நாள் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

மூன்றாம் கூட்டத்தில் ஒரு உறுப்பினர், போர் மாநில உரிமைக்காக நடந்தது, அடிமைமுறைக்காக அல்ல என்றார். சரி, அமெரிக்காவிலிருந்து பிரிந்துபோன தென் மாநிலங்களே எழுதியதைப் படிப்போம் என்று அடுத்த கூட்டத்துக்கு அவற்றின் பிரகடனங்களை எடுத்துவந்தேன், அந்த உறுப்பினர் வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். தங்கள் நிலை அடிமைமுறையோடு முழுமையாகப் பிணைந்தது என்று மிசிசிப்பி வெளிப்படையாகவே எழுதியது. தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் தரும் சட்டத்தை வட மாநிலங்கள் தங்கள் சட்டங்களால் தடுக்கின்றன என்பது தென் கரோலினாவின் புகார். அப்படியானால் வடக்கின் மாநில உரிமை எங்கே போயிற்று? 1850இல் வந்த அந்தச் சட்டத்தின்படி, பிடிபட்டவரை எஜமானனிடம் அனுப்பினால் விசாரித்த ஆணையருக்குப் 10 டாலர், விடுவித்தால் 5 டாலர். இதைப் படித்தபோது அறையில் யாரும் பேசவில்லை.

வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி, விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. சந்தா பாக்கி பாதிக்கு மேல். ஹால் வாடகையை மூன்று மாதம் சிலர் கைக்காசில் கட்டினோம். தலைவருக்கும், தேநீர் கொண்டுவந்தவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு லிங்கன் வென்ற 1860 தேர்தலிலிருந்து, போர் வெடித்த சம்டர் கோட்டை வரை படிக்க ஆசை. செயலாளர் பொறுப்பை வேறு யாராவது ஏற்பதாக இருந்தால் குறிப்பேட்டையும் சாவியையும் இன்றைக்கே கொடுத்துவிடுகிறேன். யாரும் இல்லையென்றால் நானே தொடர்கிறேன். அப்புறம், லாரன்ஸ் பயணத்தை மறுபடி வைப்பேன், அதற்காவது வாருங்கள்.