பிறை வாக்காளர் பட்டியலில் இனி நான் இல்லை, மாமா

மாமா,

முகவரியை மாற்றிவிட்டேன். அடையாள அட்டையில் இப்போது கோலாலம்பூர், செந்தூல் வீட்டு முகவரி. வாக்களிக்கும் தொகுதியையும் மாற்றச் சொல்லி விண்ணப்பித்தாயிற்று. அடுத்த பொதுத் தேர்தல் எவ்வளவு தள்ளிப்போனாலும் 2028 பிப்ரவரிக்குள் நடந்தாக வேண்டும். அது எப்போது வந்தாலும் நான் வாக்களிக்கப் பினாங்கில் நம் பிறைக்கு வரமாட்டேன். அம்மாவிடம் சொன்னேன். "உன் மாமாவிடம் நீயே சொல்லிக்கொள்" என்று போனை வைத்துவிட்டார்.

நேரில் சொன்னால் அத்தையைத் தேநீர் கலக்கச் சொல்வீர்கள். தேநீர் வருவதற்குள் பேச்சு என் சம்பளத்திற்கோ, பிள்ளையின் படிப்புக்கோ போய்விடும். அதில் நீங்கள் கெட்டிக்காரர். எழுத்தில் குறுக்கே பேச முடியாது, அதனால் எழுதுகிறேன். பொதுவில் எழுதுகிறாளே என்று கோபப்பட வேண்டாம். உங்கள் பெயரை எங்கும் போடவில்லை. நம் தாமான் குடியிருப்பில் இருப்பவர்களுக்குப் பெயர் தேவையில்லை, மற்றவர்களுக்குத் தெரிந்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை.

"இரண்டு சீட்டை விட்டுவிட்டு ஒரு சீட்டுக்குப் போகிறாயா?" இதைத்தான் முதலில் கேட்பீர்கள். ஆமாம். கோலாலம்பூருக்குச் சட்டமன்றம் கிடையாது. நாடாளுமன்றத்திற்கு ஒரு சீட்டு, அதோடு சரி. மாநகர மேயரை மேலேயிருந்து நியமிக்கிறார்கள். 1965இல் நிறுத்திவைத்த உள்ளாட்சித் தேர்தலை இன்றுவரை யாரும் மறுபடி நடத்தவில்லை. 1951லேயே ஜார்ஜ்டவுன் நகராட்சிக்கு வாக்களித்த மாநிலத்தை விட்டு இங்கே வருவது ஒரு வகையில் பின்னோக்கிப் போவதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மழை பெய்தால் என் வாசலில் ஏறும் தண்ணீர் இந்த ஊர்க் கால்வாய்த் தண்ணீர். மாதக்கணக்கில் பழுதாகிக் கிடக்கும் மின்தூக்கி இந்த ஊர் மின்தூக்கி. இதைப் பற்றி யாரிடம் போய்க் கத்துவது? என் வாக்கு இருந்ததெல்லாம் வடக்கே, நான் தீபாவளிக்கு வந்து போகும் வீட்டில்.

இங்கே என் நாடாளுமன்றத் தொகுதியின் பெயர் 'பத்து' (Batu). 2018இல் கூட்டணி வேட்பாளரின் மனு நிராகரிக்கப்பட்டதும், சுயேச்சையாக நின்ற 22 வயது சட்ட மாணவர் வென்று நாடாளுமன்றத்திற்குப் போன இடம். 2022இல் 10 பேர் நின்றார்கள். நான்கு முனைப் போட்டிக்கே நீங்கள் தலையில் கை வைப்பீர்கள்.

கால்வாய்க்காக மட்டும் ஒருத்தி தாய்மாமன் ஊரை விட்டு ஓட்டை எடுத்துக்கொண்டு போவாளா என்று கேட்டால், போகமாட்டாள்தான்.

2008 மார்ச் 8, சனிக்கிழமை இரவு உங்களுக்கு நினைவிருக்கும். நான் என் பக்கத்திலிருந்து சொல்கிறேன். அப்போது வாக்களிக்கும் வயது 21, எனக்கு அது ஆகியிருக்கவில்லை. என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று சொல்லிக் கடைவீட்டின் கீழ்த்தளத்தில் இருந்த நடவடிக்கை அறைக்கு அழைத்துப் போனீர்கள். சுவர் முழுக்க உங்கள் தேசிய முன்னணிக் கூட்டணியின் தராசுக் கொடி. மூலையில் மூடிவைத்த பிரியாணிச் சட்டி. நடுவில் வெள்ளைப் பலகை, அதில் பள்ளிக்கூடங்களின் பெயரை வரிசையாகவும் வாக்காளர்களை வயதுப்படி பிரிக்கும் சாலுரான் வரிசைகளின் எண்களைக் கட்டம் கட்டமாகவும் நான்தான் மாலையிலேயே எழுதிவைத்திருந்தேன். நம் பத்து காவான் நாடாளுமன்றத் தொகுதியில் உங்கள் கூட்டணிக்காக நின்றவர் சாதாரண ஆள் இல்லை, 18 ஆண்டுகள் பினாங்கின் முதலமைச்சராக இருந்தவர். எதிரே ராக்கெட் சின்னத்து ஜனநாயக செயல் கட்சியின் பேராசிரியர் இராமசாமி. நாடாளுமன்றச் சீட்டிலும் அவர், பிறைச் சட்டமன்றச் சீட்டிலும் அவர்.

சாலுரான் 1 எண்கள் வந்தபோது அறையில் கைதட்டினார்கள். தாத்தா பாட்டிகள் தராசைக் கைவிடவில்லை. இரண்டாவதில் கைதட்டல் குறைந்தது. வயது இறங்க இறங்க ராக்கெட் ஏறியது. நீங்கள் போனைக் காதில் வைத்துக்கொண்டு எண்களை உரக்கச் சொல்லச் சொல்ல, நான் எழுதினேன். என் கை ராக்கெட் பக்கத்து எண்களைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக எழுத ஆரம்பித்தது. வேண்டுமென்று செய்யவில்லை, மகிழ்ச்சியைக் கையில் அடக்க முடியவில்லை. நீங்கள் பார்த்தீர்கள். பலகையைப் பார்த்தீர்கள், பிறகு என்னைப் பார்த்தீர்கள், பிறகு அடுத்த பள்ளியின் பெயரைச் சொன்னீர்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம். ஒரு பள்ளியின் மொத்தத்தை இளைஞர் பகுதித் தம்பி ஒருவன் கூட்டி எழுதினான். எதிர்க்கட்சிக்கு முந்நூறு குறைத்து எழுதியிருந்தான். தெரியாமல் செய்தானா, மனம் வராமல் செய்தானா, எனக்குத் தெரியாது. முகவர் கொண்டுவந்த பாரம் 14, அதாவது வாக்கு எண்ணிக்கைத் தாள், உங்கள் கையில் இருந்தது. நீங்கள் எழுந்து வந்து, என் கையிலிருந்து மையை வாங்கி, அழித்து, முந்நூறையும் சேர்த்து எழுதினீர்கள். "பலகையில் குறைத்தால் பெட்டியில் குறைந்துவிடுமா?" என்று அவனைக் கேட்டீர்கள். கோபமாகக்கூட இல்லை.

கொஞ்ச நேரத்தில் சுங்கை சிப்புட் செய்தி வந்தது. 1974 முதல் அந்தத் தொகுதியை வைத்திருந்த உங்கள் ம.இ.கா (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவர் சாமிவேலு தோற்றுவிட்டார். 2004இல் நின்ற 9 இடங்களிலும் வென்ற கட்சி அன்றிரவு 3க்கு இறங்கியது. ஒருவர் அழுதே விட்டார். நீங்கள் பிரியாணிச் சட்டியைத் திறந்து தட்டு வைக்கச் சொன்னீர்கள். ஆறிப்போனால் வாயில் வைக்க முடியாது என்றீர்கள். தோற்ற கட்சிக்காரர்கள் அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்கள். வெளியே யாரோ தகரம் தட்டிக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் போய்த் தட்ட வேண்டும் போலிருந்தது. போகவில்லை. உங்களுக்கு எலும்பில்லாத கறியாகப் பார்த்து எடுத்துவைத்தேன்.

அந்த மனிதர்மேல் எனக்கு எவ்வளவு மரியாதை என்று நீங்கள் கேட்டதே இல்லை.

அதே மனிதர்தான் அதற்கு மூன்றரை மாதம் முன்பு என் அண்ணனை வாசலில் நிறுத்தி வைத்தவரும். 2007 நவம்பர் 25, இந்தியர் உரிமை கேட்ட ஹிண்ட்ராஃப் பேரணிக்குப் போய்க் கண்ணீர்ப் புகையும் இரசாயனத் தண்ணீரும் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தவனிடம், கண் எப்படி இருக்கிறது என்று கேட்காமல், "யாரைக் கேட்டுப் போனாய்?" என்று கேட்டீர்கள். அடுத்து வந்த பொங்கலுக்கு எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. துணியை அத்தையிடம் கொடுத்தனுப்பினீர்கள். ஆளுங்கட்சிக் கிளைத் தலைவரான உங்களுக்கு இருந்த நெருக்கடி எனக்கு இப்போது புரிகிறது. அண்ணனுக்குப் புரிந்ததா என்று கேட்டால், அதை அவன்தான் சொல்ல வேண்டும். அவனும் இதைப் படிப்பான், நான் நிறுத்திக்கொள்கிறேன்.

2018க்கு வருகிறேன். மே 9, புதன்கிழமை. வேலை நாளில் வாக்குப்பதிவு வைத்தார்கள் என்ற எரிச்சலிலேயே நாட்டில் பாதிப்பேர் ஊருக்குக் கிளம்பினார்கள். நானும் முதல் நாள் இரவு பஸ்ஸில் வந்தேன். "உன் ராக்கெட் சீட்டிலேயே இல்லையே, எங்கே குத்தப்போகிறாய்?" என்று சிரித்தீர்கள். பினாங்கில் எங்கள் கூட்டணியின் எல்லோரும் தோழமைக் கட்சியான பி.கே.ஆரின் சின்னத்தில் நின்ற தேர்தல் அது. நானும் சிரித்தேன். அத்தை பசியாறக் கூப்பிட்டார். மேசையில் உங்கள் கண்ணாடிக்கு அடியில் வாக்காளர் பட்டியல் விரித்துக் கிடந்தது.

தெருத் தெருவாக, வீடு வீடாக. பச்சை மை நம் ஆள், சிவப்பு எதிராளி, பென்சில் வட்டம் மதில்மேல் பூனை. இந்தக் கணக்கு எல்லாக் கட்சியிலும் உண்டு, தெரியும். நம் வீட்டு வரிசையைத் தேடினேன். அம்மா பச்சை. அண்ணன் பச்சை. நானும் பச்சை.

அண்ணன் பச்சையா, மாமா?

என் கை எந்தப் பக்கம் பெரிதாக எழுதியது என்று கண்ணால் கண்டவர் நீங்கள். பென்சில் வட்டமாவது போட்டிருக்கலாம். அந்தப் பட்டியல் மேலே போகும், "என் வீட்டில் எல்லாம் நம் ஓட்டு" என்று நீங்கள் தொகுதியில் சொல்லியிருப்பீர்கள். பெட்டியில் இருப்பதை ஒரு எண்கூடக் குறைக்காத கை, பெட்டிக்குள் போகுமுன் என் ஓட்டைத் தன் கணக்கில் எழுதிக்கொண்டது. நான் எதுவும் கேட்கவில்லை. வடையைத் தின்றுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். நீங்கள் சாலுரான் 1 வரிசையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தீர்கள், நான் கடைசிச் சாலுரானில் வெயிலில் நின்றேன். தூரத்திலிருந்து மை வைத்த விரலைத் தூக்கிக் காட்டினீர்கள். நான் என் விரலைக் காட்டவில்லை. அன்று 1957 முதல் ஆண்ட கூட்டணி முதல் முறையாக வீட்டுக்குப் போனது. எனக்கு ஊரே கொண்டாடும் அளவுக்கு மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும். பஸ்ஸில் திரும்பும்போது அந்தப் பச்சைக் குறிதான் கண்ணில் நின்றது.

நான் போட்ட ஒவ்வொரு ஓட்டும் உங்கள் முகத்தைப் பார்த்துப் போட்டது. நீங்கள் வேண்டாம் என்பதால் பத்து காவானில் ராக்கெட் கட்சியின் வேட்பாளர் கஸ்தூரிக்கு. நீங்கள் சிரித்ததால் மறுபடியும் கஸ்தூரிக்கு. அவர்களின் தேர்தல் அறிக்கையை நான் முழுதாகப் படித்திருந்தால் ஆச்சரியம்தான். 2020இல் அந்த ஆட்சி கவிழ்ந்த அன்று "22 மாதம்" என்று மட்டும் செய்தி அனுப்பினீர்கள். எனக்கு ஆட்சி போன வருத்தத்தைவிட, நீங்கள் அதை அனுப்புவதற்காகக் காத்திருந்தீர்களே என்ற எரிச்சல்தான் அதிகம்.

பிறகு 2022 வந்தது, உங்கள் தராசும் என் கூட்டணியும் ஒரே அரசாங்கத்தில் உட்கார்ந்தன. 2023 ஆகஸ்டில் பினாங்கு மாநிலத் தேர்தலில் உங்கள் கட்சி நிற்கவே இல்லை. 15 ஆண்டுகள் துணை முதல்வராக இருந்த பேராசிரியருக்கும் அவர் கட்சி அந்த முறை இடம் கொடுக்கவில்லை. உங்கள் பக்கமும் காலி, 2008இல் உங்களைத் தோற்கடித்தவரும் காலி. மாநிலத்தின் 40 இடங்களில் இரு கூட்டணியும் சேர்ந்து 29 பிடித்தன. நீங்களும் நானும் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரே சின்னத்திற்குக் குத்த வேண்டிய தேர்தல். அந்த வாரம் முழுக்க உங்களிடமிருந்து ஒரு போன்கூட வரவில்லை. நான் வந்தேன், குத்தினேன், வீட்டில் நீங்கள் தொலைக்காட்சியில் பந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள். சண்டை போட ஆள் இல்லாவிட்டால் மருமகளும் வேண்டாமா?

குடும்பப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் போன மாதம் அந்தப் பட்டியலைப் பற்றி நான் எழுதியதற்கு வருகிறேன். அத்தனை பேர் முன்னால் அப்படிக் கேட்டது உங்களுக்கு வலித்திருக்கும், அதற்காக மன்னித்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் இருக்கும் இடம். ஆனால் நான் தனியாகக் கேட்டபோதெல்லாம் நீங்கள் கட்டைவிரல் படம்தானே அனுப்பினீர்கள்? குழுவில் இருப்பவர்கள் யாரும் இப்போது புதிதாக அதிர்ச்சியடைந்ததுபோல் நடிக்க வேண்டாம், பட்டியல் விஷயம் பாதிப்பேருக்குத் தெரியும். அம்மாவின் பங்குப் பத்திர விஷயத்தை இங்கே எழுதமாட்டேன். அது உங்களுக்கும் அம்மாவுக்கும் இடையில் உள்ளது, எந்த நிறுவனம், எவ்வளவு என்று கேட்டுக் கருத்து எழுதுபவர்களுக்குப் பதில் கிடையாது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. இரயில் பாதைக்குப் பக்கத்தில் இருந்த குடியுரிமை இல்லாத அந்தச் சிவப்பு அடையாள அட்டைப் பாட்டிக்காக எத்தனை ஆண்டுகள் பதிவிலாகாவுக்கு அலைந்தீர்கள். தோட்டத்தில் பிறந்ததற்கு ஒரு தாள் இல்லை, சாட்சி சொல்ல ஆள் இல்லை. ஆள் தேடிப் பிடித்தீர்கள், சத்தியப் பிரமாணம் எழுத வைத்தீர்கள், பஸ் காசு உங்கள் கையிலிருந்துதான். சிவப்பு அட்டைக்கு வாக்குரிமை கிடையாது. அவரால் உங்களுக்கு ஒரு ஓட்டும் வராது என்று தெரிந்தேதான் அலைந்தீர்கள். பாட்டி குடிமக்களுக்கான நீல அட்டையைப் பார்க்காமலே போய்விட்டார். நான் வாக்களித்த எந்த மக்கள் பிரதிநிதியும் அந்த வீட்டுக்கு வந்து நான் பார்த்ததில்லை. அவர் பட்டியலில் இல்லை, அதனால் அவருக்கு எந்த நிறமும் போட முடியாது. எனக்கு மட்டும் ஏன் போட்டீர்கள்?

தீபாவளிக்கு வருகிறேன். அத்தை இதற்குள் படித்திருப்பார், அவரிடம் நான் தனியாகப் பேசிக்கொள்கிறேன். நீங்கள் குழுவில் பதில் போட வேண்டாம், கட்டைவிரலும் வேண்டாம். இரவு எட்டு மணிக்கு மேல் போன் செய்யுங்கள், பிள்ளை தூங்கியிருப்பான், திட்டுவதாக இருந்தாலும் முழுதாகக் கேட்கிறேன்.

உங்கள் மருமகள்