சரபங்கா போன வழியில் எங்களைக் கரைசேர்த்தவர்களுக்கு

முதல் நன்றி, ஏற்காட்டின் மேற்குச் சரிவில் காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு. இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு, சிவந்த பழத்தை மட்டும் பறித்து, பச்சையைக் கிளையிலேயே விட்டுக்கொண்டிருந்தீர்கள். நான்கு பெண்கள் மூட்டை கட்டிய சைக்கிள்களோடு நிற்பதைப் பார்த்து, எங்கே பயணம் என்று கேட்டீர்கள். சரபங்கா ஆறு இந்த மலையில் பிறக்கிறது, அது காவிரியில் சேரும் இடம் வரை போகிறோம் என்றோம். "இங்கே பெய்கிற மழை காவிரி வரைக்குமா போகிறது? பார்த்துவிட்டு வந்து சொல்லு, கண்ணு" என்றீர்கள். சும்மா ஊர் சுற்றக் கிளம்பிய எங்களுக்கு அந்த நிமிடத்தில்தான் ஒரு வேலை கிடைத்தது.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்காடு 1,515 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலம் முந்நூறு மீட்டருக்கும் கீழே. அவ்வளவு உயரத்தையும் தொடையால்தான் வாங்கவேண்டும். நாங்கள் ஏறும்போது பின்னால் ஓர் அரசுப் பஸ் வந்தது. வளைவு முடியும்வரை அந்த ஓட்டுநர் ஒலிப்பானைத் தொடவே இல்லை. முதல் கியரில் உறுமிக்கொண்டு, நடைவேகத்தில், எங்களுக்குப் பின்னாலேயே வந்தார். இடம் கிடைத்ததும் கையசைத்துவிட்டுப் போனார். ஐயா, அன்று உங்கள் பஸ்ஸில் இருந்த பயணிகளுக்கும் நன்றி. ஒருவர்கூட அவசரப்படுத்தவில்லை.

இறங்கும்போது பாடம் சொன்னவர் வேறொருவர். பாதிவழியில் தேநீர்க் கடை வைத்திருப்பவர் எங்களை நிறுத்தி, சக்கரத்தின் ரிம்மைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். கை சுட்டது. பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் ரிம் சூடேறி டியூப் வெடித்துவிடும், விட்டுவிட்டுப் பிடியுங்கள், ஒவ்வொரு ஐந்து வளைவுக்கும் நின்று ஆறவிடுங்கள் என்றார். இளவயதில் பால்கேன் கட்டிய சைக்கிளில் இதே பாதையில் இறங்கியவராம். அண்ணா, நாங்கள் நான்கு பேரும் முழுசாக வீடு வந்து சேர்ந்ததில் உங்களுக்குப் பெரும்பங்கு உண்டு.

அடிவாரத்திலிருந்து கருப்பூர், ஓமலூர், டேனிஷ்பேட்டை ஏரி. தை மாதத்தில் ஆறு பல இடங்களில் மணலும் சீமைக் கருவேலமுமாகத்தான் கிடக்கிறது. மலையிலிருந்து இறங்கும் கிழக்கு, மேற்குச் சரபங்காக்கள் ஓமலூரில்தான் ஒன்றாகின்றன. அங்கே பாலத்தின்மேல் நின்று பார்த்தபோது எங்களுக்கே மனம் சோர்ந்தது. இதையா தேடி வந்தோம் என்று ஒருத்தி கேட்டேவிட்டாள்.

அன்று இரவு தாரமங்கலத்தில். முன்கூட்டியே பேசி வைத்திருந்த விடுதியில், ஆண்துணை இல்லாமல் பெண்களுக்கு அறை தரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். மணி ஏழு, இருட்டிவிட்டது. கெட்டி முதலிகள் என்ற பழைய குறுநிலத் தலைவர்கள் கட்டிய கைலாசநாதர் கோயில் வாசலில் சைக்கிள்களைச் சாய்த்துவைத்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தோம். பூக்கடை அக்கா, நீங்கள் எங்களிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கடையை மூடினீர்கள், "வாங்க" என்றீர்கள், வீட்டுக்குக் கூட்டிப்போனீர்கள். தறி ஓடும் கூடத்தைத் தாண்டி மாடியில் பாய் விரித்துக் கொடுத்தீர்கள். இரவுச் சாப்பாடு ராகிக் களியும் கீரைக் குழம்பும். விடியற்காலை நான்கரைக்கு நாங்கள் எழுந்தபோது அடுப்பில் காப்பி கொதித்துக்கொண்டிருந்தது. காசு கொடுத்தபோது உங்கள் முகம் மாறியதே, அதற்காக மன்னிப்புக் கேட்கிறேன். அப்படிச் செய்திருக்கக் கூடாது.

இடைப்பாடிக்குப் போகும் வழியெல்லாம் மரவள்ளி பிடுங்கும் காலம். ஜவ்வரிசி ஆலைகளின் புளித்த வாடையும் காயும் மாவின் வெண்மையும் கூடவே வந்தன. ஒரு பள்ளத்தில் என் பின்சக்கரம் இறங்கி ஏறியது. 'டிங்' என்று ஓர் ஓசை. ஸ்போக்ஸ் கம்பி ஒன்று அறுந்து, சக்கரம் கோணி, பிரேக் கட்டையில் உரசத் தொடங்கிவிட்டது. அதுவும் செயின் இருக்கும் பக்கத்துக் கம்பி. கியர் பற்சக்கரத்தைக் கழற்றாமல் அங்கே புதுக் கம்பி போட முடியாது. கழற்றும் கருவி எங்களிடமும் இல்லை, இடைப்பாடியில் நாங்கள் போன கடையிலும் இல்லை.

அந்தக் கடைக்காரருக்கு எழுபது வயதுக்குமேல் இருக்கும். சக்கரத்தை மடியில் வைத்து, வெகுநேரம் பேசாமல் சுற்றிப் பார்த்தார். பிறகு பழைய கம்பி ஒன்றை எடுத்தார், தலையை வெட்டினார், அந்த முனையை இடுக்கியால் இரண்டு மடிப்பாகக் கொக்கிபோல் வளைத்தார். பற்சக்கரத்தைக் கழற்றாமலே அந்தக் கொக்கியைச் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பின் துளைக்குள் நுழைத்து, மறுமுனையை ரிம்மில் நிப்பிள் என்ற சிறு திருகு போட்டு இறுக்கினார். அதன்பின் அரைமணி நேரம் கோட்டம் எடுத்தார். ஒரு கம்பியைக் கால் சுற்று இறுக்குவார், எதிர்ப்பக்கம் கால் சுற்று தளர்த்துவார், சக்கரத்தைச் சுழற்றிவிட்டு ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். "வீடு போகும்வரை தாங்கும். போனதும் நல்ல கம்பி போட்டுக்கொள்" என்றார். வாங்கிக்கொண்டது முப்பது ரூபாய். ஐயா, அது வீடு வரை தாங்கியது, ஒரு மில்லிமீட்டர் கோணவில்லை. விலையுயர்ந்த வண்டி வாங்கிய எனக்கு, அதைவிட உயர்ந்த கை எப்படி இருக்கும் என்று காட்டினீர்கள். உங்களிடம் வேலை கற்றுக்கொள்ள யாரும் வருவதில்லை என்றீர்களே, அதுதான் இன்னும் என்னை உறுத்துகிறது.

பூலாம்பட்டியில் காவிரியைப் பார்த்ததும் நால்வரும் வாயடைத்துப்போனோம். மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெருஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை என்று மின்சாரத்துக்காகக் கட்டிய கதவணைகள் நீரைத் தேக்குவதால், ஆறு அங்கே ஏரிபோல் அகன்று அசையாமல் நிற்கிறது. தென்னையும் மலையும் அதில் தலைகீழாகத் தெரிந்தன. அக்கரை நெருஞ்சிப்பேட்டைக்கு விசைப்படகில் போய், அந்தப் பக்கச் சாலையில் தெற்கே போவதாக எங்கள் திட்டம். படகோட்டி அண்ணாதான் தடுத்தார். அக்கரைச் சாலையில் லாரிகள் அதிகம், சைக்கிளுக்கு இக்கரைதான் சுகம், கோனேரிப்பட்டி வழியாகத் தேவூருக்குப் போங்கள் என்றார். ஆளுக்கும் வண்டிக்கும் கட்டணம் வாங்கிக்கொண்டு பேசாமல் ஏற்றியிருக்கலாம். எங்களுக்கு நல்லது எதுவென்று பார்த்தீர்கள். கரும்பும் மஞ்சளும் வாழையுமாக நீங்கள் அனுப்பிவைத்த அந்தச் சாலையைப்போல் ஒன்றை நான் இதுவரை மிதித்ததில்லை.

மேட்டூர் கிழக்குக் கரைக் கால்வாயில் நாங்கள் சந்தித்த, கால்வாயைக் கவனித்துக்கொள்ளும் ஊழியரான லஸ்கருக்கும் நன்றி. பாசனம் டிசம்பர் நடுவில் முடிந்து கால்வாய் காய்ந்திருந்தது. எந்த இடத்தில் கரை உடைந்திருக்கிறது, எங்கே நெருஞ்சி முள் அதிகம், எந்த மதகருகே இறங்கித் தள்ளிக்கொண்டு போகவேண்டும் என்று குச்சியால் மண்ணில் கோடு போட்டுக் காட்டினார். கைப்பேசி வரைபடத்தில் அது எதுவுமே இல்லை. சங்ககிரியிலிருந்து சேலம்வரை லுங்கிக் கட்டுகளுக்கு நடுவே எங்களையும் சைக்கிள்களையும் ஏற்றிவந்த சரக்கு வண்டித் தம்பிக்கும் நன்றி. டீசலுக்காவது காசு வாங்கியிருக்கலாம்.

இனி உங்களுக்கான பதில், காப்பித் தோட்டத்து அம்மா.

போகிறது. ஆனால் நேராகப் போவதில்லை. ஏரிகளில் நின்று, மணலுக்குள் மறைந்து, ஊர்களின் சாக்கடையையும் சுமந்துகொண்டுதான் போகிறது. இடைப்பாடிக்குக் கீழே தண்ணீர் கறுத்து நுரை கட்டியிருந்தது. அதை உங்களிடம் மறைக்க எனக்கு மனமில்லை. தேவூருக்கு அப்பால் கணுக்கால் ஆழத்துக்கு வந்து, நாணற்புதருக்குள் நுழைந்து, சத்தமில்லாமல் காவிரியில் சேர்கிறது. அந்த இடத்தைப் படமெடுத்து அச்சுப் போட்டு வைத்திருக்கிறேன். இந்தப் பறிப்பு முடிவதற்குள் கொண்டுவருகிறேன். ஆடிப்பெருக்கன்று நேரிலேயே பார்க்கவேண்டும் என்று தோன்றினால் சொல்லுங்கள், உங்களோடு நானும் பஸ்ஸில் வருகிறேன்.