காக்கா, நான் திரும்பி வரல

காக்கா,

இன்னிக்கு ஜூன் 4, 1989ல பெய்ஜிங் தியானன்மென் சதுக்கத்துல பசங்க நடத்துன போராட்டத்த சைனா ராணுவம் சுட்டு அடக்குன நாள். இந்தத் தேதில நான் போன் பண்ணா நீங்க எடுக்க மாட்டீங்க, அதான் இங்க எழுதுறேன். நம்ம ஊர்ல அண்ணன கூப்பிடுற மாதிரி காக்கான்னு மட்டும்தான் எழுதுறேன், உங்க பேர் போடல, கடை பேர் போடல, எந்தத் தெருன்னும் சொல்லல, பயப்படாதீங்க. ஊர்க்காரங்க நாலு பேர் படிச்சா யாருன்னு கண்டுபிடிச்சிடுவாங்கதான், ஆனா எந்த நகைக் கல்லு என்ன விலைக்குப் போச்சுங்கிறத தவிர அவங்களுக்கு வேற எதுலயும் அக்கறை கிடையாது.

முடிவு பண்ணிட்டேன். ஹாங்காங்குக்கு இனி வரல. வீட்ல அவ பேச்சக் கேட்டுத்தான் இவன் ஊரோட உக்காந்துட்டான்னு நீங்க சொல்லிட்டு இருக்கிறதா கேள்விப்பட்டேன். சொல்லிக்கோங்க. உண்மையான காரணத்த நீங்க யார்கிட்டயும் சொல்ல முடியாதுன்னு எனக்கும் புரியுது.

கடைசியா சண்டை போட்டப்ப என்ன சொன்னீங்க? "அது அவங்க வீட்டு விவகாரம், பசங்கள வெளிநாட்டுக்காரன் தூண்டிவிட்டான், அன்னிக்கு அடக்கலைன்னா சைனா இப்படி வளர்ந்திருக்குமா"ன்னு. காக்கா, நீங்க வியாபாரி, உங்களுக்கு நான் சொல்லித்தரணுமா? அப்ப சைனால ஒரே சரக்குக்கு ரெண்டு விலை, அரசாங்க விலை ஒண்ணு, மார்க்கெட் விலை ஒண்ணு. அதிகாரியோட மகன் அரசாங்க விலைல ஸ்டீலும் நிலக்கரியும் எடுத்து மார்க்கெட் விலைல தள்ளிட்டு நடுவுல உள்ள காச அமுக்குவான், கைல முதலே கிடையாது, அப்பன் பதவிதான் முதல். 1988ல விலைவாசி 18 சதவீதத்துக்கு மேல ஏறி, இன்னும் ஏறப்போவுதுன்னு ஜனங்க பேங்க்ல போட்டத எடுத்து கைக்குக் கிடைச்சதெல்லாம் வாங்கி அடுக்குனாங்க. இந்த வயித்தெரிச்சல்ல இருந்த ஊர்லதான் 1989 ஏப்ரல் 15 ஹூ யாவ்பாங் மௌத்தானார், பசங்ககிட்ட மெத்தனமா இருந்துட்டார்னு பழி போட்டு 1987ல கம்யூனிஸ்ட் கட்சித் தலைமைப் பதவியிலேருந்து இறக்குன மனுஷன். அவருக்கு அஞ்சலி செலுத்த தியானன்மென் வந்த பசங்க அப்படியே உக்காந்துட்டாங்க. ஏப்ரல் 22 பசங்கள்ல மூணு பேர் சதுக்கத்த ஒட்டுன மக்கள் மண்டபத்துப் படியில முட்டி போட்டு மனுவத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சிட்டே இருந்தாங்க, பிரதமர் லி பெங் வெளிய வரவே இல்ல. வாங்கியிருந்தா என்ன கொறஞ்சு போயிருக்கும்? சதி பண்றவன் முட்டி போட்டு மனு குடுப்பானா?

இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா. எனக்குச் சொல்லிக்குடுத்ததே நீங்கதான்.

மே 20, பெய்ஜிங்ல ராணுவச் சட்டம் போட்ட அன்னிக்கு, ஹாங்காங்ல 8ஆம் நம்பர் எச்சரிக்கை சிக்னல் போட்ட புயல், அந்த மழையிலயும் விக்டோரியா பார்க்ல ஆயிரக்கணக்குல கூடி ஊர்வலம் போனாங்களே, செருப்பக் கைல பிடிச்சிட்டு நம்ம ஊர்ப் பையன் ஒருத்தனும் அதுல நடந்தான். யாருன்னு எழுத மாட்டேன். பின்னாடி அதே பார்க்ல, செத்தவங்கள நினைச்சு வருஷா வருஷம் ஜூன் 4 நடந்த மெழுகுவத்திக் கூட்டத்துல, ஃபுட்பால் கிரவுண்டு நிறைய சனம் உக்காந்திருக்க, பேப்பர் கப்புல மெழுகுவத்தி சொருகி "காத்துக்கு மறைச்சுப் பிடிடா"ன்னு என் கைல குடுத்ததும் அவன்தான். எனக்கு அந்த ஆள ரொம்பப் பிடிக்கும்.

அப்புறம் 2021 ஜூன் 4. பார்க்கப் பூட்டிட்டாங்க, திரும்புன பக்கமெல்லாம் போலீஸ், அந்தக் கூட்டத்த நடத்துன அமைப்போட துணைத் தலைவி சவ் ஹாங்-துங்க அன்னிக்குக் காலையிலேயே கைது பண்ணிட்டாங்க. நீங்களும் நானும் பார்க் பக்கத்துல காஸ்வே பேல ஒரு பார்ட்டியப் பாத்துட்டு வந்துட்டு இருந்தோம். எட்டு மணி ஆச்சு, ரோட்டுல ஒவ்வொருத்தரா போன் லைட்டப் போட்டு கையத் தூக்குனாங்க, நானும் போட்டேன். நீங்க ஒரு வார்த்தை பேசல, போன வெடுக்குன்னு பிடுங்கி உங்க சட்டைப் பாக்கெட்ல போட்டுட்டு நடந்தீங்க. அத அணைக்கத் தெரியல உங்களுக்கு. வெள்ளைச் சட்டை, மெல்லிசுத் துணி, உள்ள லைட்டு எரிஞ்சிட்டே இருக்கு, ரேகை மாதிரி நூல் நூலாத் தெரியுது, போலீஸ் லைன் ஓரமா நீங்க கையால நெஞ்சப் பொத்திக்கிட்டுப் போறீங்க, விரலுக்கு நடுவுல செவப்பாத் தெரியுது. எனக்கு சிரிப்பும் வந்துச்சு, உங்களுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு உயிரும் போச்சு. எம்டிஆர் மெட்ரோ ஸ்டேஷன் உள்ள இறங்குனப்புறம் சொன்னீங்க பாருங்க, "வாப்பா உண்டாக்குன கடைடா அது"ன்னு. அவ்வளவுதான்.

சரி, தப்பு உங்க மேல மட்டும் இல்ல. நாலு குடும்பம் அந்தக் கடைய நம்பி இருக்கு, விசாவ வச்சுப் பிழைக்கிறவனுக்கு வீரம் எதுக்குன்னு நீங்க நினைச்சதுல நியாயம் இருக்கு. அப்படி நினைச்ச உங்கள அங்க தனியா விட்டுட்டு வந்ததுக்கு என்ன மன்னிச்சிருங்க. ஆனா அந்தப் பயத்தோட நிறுத்தியிருக்கலாம்ல? பயந்தேன்னு சொல்லியிருந்தா நான் காலம் பூரா உங்க கூடவே இருந்திருப்பேன். நீங்க என்னடான்னா செத்தவங்க மேலயே குத்தம் சொல்ல ஆரம்பிச்சீங்க, அதுவும் அந்த ஊர்வலத்துல நடந்த பையன் அழுதுக்கிட்டே சொன்ன சாவுங்க. சதுக்கத்துக்குப் போற ரோட்டுல, முசிடி பக்கம் சுட்டதுல விழுந்தவங்கள்ல நிறைய பேர் காலேஜ் பசங்களே இல்ல, அந்தத் தெருக்காரங்க, தொழிலாளிங்க. பின்னாடி மரண தண்டனை குடுத்ததும் தொழிலாளிங்களுக்குத்தான். ராணுவத்த விடக்கூடாதுன்னு நின்ன ஜாவ் ஜியாங், கட்சிக்கே பொதுச்செயலாளர், 2005ல சாகுற வரைக்கும் வீட்டுக்காவல். டிங் சிலின்னு ஒரு அம்மா, 17 வயசு மகனப் பறிகுடுத்தவங்க, மத்த தாய்மாரோட சேர்ந்து வீடு வீடா விசாரிச்சு 200க்கு மேல பேர் சேத்தாங்க. எத்தனை பேர் செத்தாங்கன்னு முழுக் கணக்கு இன்னிக்கும் வெளிய வரல. கணக்குல ஒரு டாலர் உதைச்சா ராத்திரி தூங்காத ஆள் நீங்க.

2021 செப்டம்பர்ல மெழுகுவத்திக் கூட்டம் நடத்துன அமைப்பக் கலைச்சாங்க, டிசம்பர்ல யூனிவர்சிட்டில இருந்த ஜூன் 4 நினைவுச் சிலையெல்லாம் ராவோட ராவா எடுத்தாங்க, 2023லேருந்து ஜூன் 4 சமயத்துல அந்தப் பார்க்ல திருவிழா, சாப்பாட்டுக் கடை. நீங்க அங்க போய் சாப்பிட்ட போட்டோவ மச்சான் காட்டுனார். கோவம் இல்ல. ஃபிஷ்பால் உங்களுக்குப் பிடிக்கும்.

பொய். கோவம்தான்.

என் பங்க உங்க பேருக்கு மாத்துற பேப்பர்ல கையெழுத்து போட்டு அனுப்பிருக்கேன், ரெண்டு நாள்ல வந்துடும். ஏப்ரல் வரைக்கும் உள்ள கணக்க நீங்க சொல்ற மாதிரியே முடிச்சுக்கலாம், நான் நோண்ட மாட்டேன். பெருநாளைக்கு வர்றீங்களான்னு உம்மா கேக்குறாங்க. மூணு வருஷமா வர்றேன் வர்றேன்னு ஏமாத்துறீங்க, இந்தத் தடவ டிக்கெட் போட்டுட்டு சொல்லுங்க. வந்து என்ன நேர்ல திட்டுங்க, போன்ல மட்டும் இந்தப் பேச்சு வேணாம்.