பாப்பாவை எந்தப் பள்ளியில் சேர்ப்பது?

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

அப்பாவும் நானும் நலம். பனியன் கம்பெனியில் ஓவர்டைம் முடித்துவிட்டு வந்து போனைப் பிடிக்கிற உன்னிடம் இவ்வளவையும் சொல்ல முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

பாப்பா ஐந்தாவது முடித்ததும் ஊருக்கு அனுப்புகிறேன், நல்ல பள்ளியாகப் பார்த்து வை என்றாய். இங்கே உள்ள மூன்று அரசுப் பள்ளிக்கும் நேரில் போய் வந்துவிட்டேன். உன் அண்ணன் தேர்ச்சி விகிதத்தைக் கேட்டதுமே முடிவு சொல்லிவிட்டான். இருபத்தாறு வருடம் சத்துணவு அமைப்பாளராக இருந்தவளுக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கை இல்லை. தேறாது என்று தோன்றுகிற பிள்ளையைப் பத்தாவதுக்கு முன்பே வெளியே அனுப்பிவிட்டால் விகிதம் தானாக ஏறிவிடும். போன வருடம் ஒன்பதாவதில் எத்தனை தலை, இந்த வருடம் பத்தாவதில் எத்தனை தலை? நான் கேட்பது அதைத்தான்.

நெடுஞ்சாலையோர மேல்நிலைப் பள்ளியைத்தான் அண்ணன் சொல்கிறான். நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று வாசலில் பேனர் தொங்குகிறது. அங்கே சமைக்கிறவள் முன்பு என்னோடு வேலை பார்த்தவள். போன வருடம் ஒன்பதாவதில் 61 பேராம், இப்போது பத்தாவதில் 47. மீதிப் பிள்ளைகள் எங்கே என்றால், குடும்பத்தோடு வெளியூர் போய்விட்டார்கள் என்கிறார்கள். ஒரே கோடையில் பதினான்கு குடும்பமா ஊரைக் காலி செய்தது? அதில் ஒரு பையன் நம் தெருமுனைப் பஞ்சர் கடையில் உட்கார்ந்திருக்கிறான். கணக்குக்கு நிரந்தர ஆசிரியர் கிடையாது. பெற்றோர் ஆசிரியர் கழகம் வைத்திருக்கும் தற்காலிக ஆசிரியைதான். பாவம், நன்றாகத்தான் நடத்துகிறாள். வேறு வேலை கிடைத்தால் பாதியிலேயே போய்விடுவாள்.

டவுனில் இருக்கிற பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் எல்லாப் பாடத்துக்கும் ஆசிரியர் உண்டு. ஆய்வகத்தில் சோதனைக் குழாய்கள் கழுவிய ஈரத்தோடு கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. அதைப் பார்த்ததும் இங்கேயே சேர்த்துவிடலாமா என்று மனம் அலைந்தது உண்மை. ஆனால் பதினான்கு கிலோமீட்டர். காலை ஏழே காலுக்கு ஒரு பஸ், அதை விட்டால் ஒன்பதே காலுக்குத்தான். கட்டணம் இல்லைதான், பஸ் நின்றால்தானே? நான் போன அன்று நிறுத்தத்தைத் தாண்டிப் போய்த்தான் நின்றது. பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

இன்னொன்று. திருப்பூரில் பாப்பாவுக்குப் பள்ளியிலேயே காலைச் சிற்றுண்டி கிடைக்கிறது. அந்தத் திட்டம் ஐந்தாவதோடு சரி, ஆறாவதிலிருந்து மதியச் சத்துணவு மட்டும்தான். இரண்டு இட்லி தின்ன முக்கால் மணி நேரம் எடுக்கிறவள் உன் மகள். ஏழே கால் பஸ் என்றால் தினமும் வெறும் வயிற்றோடுதான் போவாள்.

கடைசியாக நம் ஏரிக்கரை உயர்நிலைப் பள்ளி. சுற்றுச்சுவர் பாதிதான் இருக்கிறது. ஆய்வகம் என்பது ஒரு பீரோ. ஆனால் போன வருடம் ஒன்பதாவதில் 23, இந்த வருடம் பத்தாவதிலும் அதே 23. போன தேர்வில் இரண்டு பேர் தேறவில்லை என்று தலைமையாசிரியை தானாகவே சொன்னார். கணக்கில் பின்தங்கியவர்களை மாலையில் உட்கார வைத்து அவரே சொல்லிக்கொடுக்கிறார். நான் போனபோது மணி பன்னிரண்டரை. பழக்கதோஷம், கால் தானாகச் சமையலறைப் பக்கம் போயிற்று. அவித்த முட்டை, பதிவேட்டில் எழுதிய எண்ணிக்கை, வரிசையில் உட்கார்ந்த பிள்ளைகள் மூன்றும் 84. இதெல்லாம் ஒரு அளவுகோலா என்று அப்பா சிரிக்கிறார். எனக்கு இதுதான் தெரியும்.

அந்தப் பள்ளி பத்தாவதோடு முடிகிறது என்று நீ கவலைப்படுவாய். பதினொன்றாவதுக்கு டவுன் பள்ளிக்குப் போகட்டும், அதற்குள் பஸ் கூட்டத்தில் இடித்துப் பிடித்து ஏறுகிற வயது வந்துவிடும். மாப்பிள்ளை தனியார் பள்ளியைப் பற்றிக் கேட்டாராமே. அவரிடம் பொறுமையாகச் சொல்: ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தால்தான் மருத்துவத்திலும் பொறியியலிலும் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கேட்க முடியும். கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். ஒரு அரசுப் பள்ளியிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் இந்தச் சலுகைகள் போய்விடாது. நடுவில் தனியாருக்குப் போனால்தான் சிக்கல்.

டி.சி. வாங்கும்போது எமிஸ் எண்ணையும், அதாவது பள்ளிக்கல்வித் துறையின் கணினிப் பதிவில் பாப்பாவுக்கு இருக்கிற எண்ணையும், கேட்டு வாங்கு. பெயர், இனிஷியல், பிறந்த தேதி எல்லாம் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று அங்கேயே நின்று படித்துப் பார். உன் சான்றிதழில் ஒரு எழுத்து மாறிப்போய் அப்பா எத்தனை நடை நடந்தார் என்பது மறந்திருக்காது. மே கடைசிக்குள் கூட்டி வந்துவிடு.

இங்கேயும் முட்டை உண்டு என்று பாப்பாவிடம் சொல். மஞ்சள் கருவைப் பள்ளிக்கூடத்து நாய்க்குப் போடக் கூடாது என்றும் சொல்லிவை.

அம்மா