எட்டைத் தருகிறேன் என்பவன்

ராயபுரம்

அன்புள்ள தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னாயே, சிகாகோவில் யாரோ ஒருவர் நைன்-பாலில், அதாவது எண் போட்ட ஒன்பது பந்துகளைக் கோலால் அடித்துக் குழியில் போடும் மேஜை ஆட்டத்தில், உனக்கு எட்டாம் பந்தை விட்டுக்கொடுத்து, ஆட்டத்துக்கு 20 டாலர் வைத்து ஆடுகிறார் என்று. அம்மா பக்கத்தில் இருந்ததால் "சரி சரி" என்று முடித்துக்கொண்டேன். சரியில்லை.

முப்பது வருடம் கிளப்பில் மார்க்கராக நின்று பிறர் பாயிண்டை எண்ணியவன் நான். பந்தயமே பாவம் என்று சொல்ல மாட்டேன். ஸ்நூக்கரே 1875இல் ஜபல்பூரில் வெள்ளைக்கார ராணுவ அதிகாரிகள் காசு வைத்து ஆடிய ஆட்டங்களிலிருந்து முளைத்ததுதான். நம் தெரு கேரம் போர்டில் தோற்றவன் டீ வாங்குகிறான். ஸ்நூக்கர் கூடத்தில் தோற்றவன் மேஜை வாடகை கொடுக்கிறான். அதோடு நின்றால் யாருக்கும் நஷ்டமில்லை.

ஒன்பதாம் பந்தைக் குழியில் போட்டால்தான் அந்தச் சிகாகோ ஆளுக்கு வெற்றி. உனக்கோ எட்டைப் போட்டாலும் வெற்றி. இந்தச் சலுகைக்கு அங்கே 'ஸ்பாட்' என்று பெயர். உன் ஆட்டத்தை ஓரமாக நின்று அளந்தவன்தான் அதைத் தருவான். அவன் கைத்திறன் உனக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொள்வதை 'சாண்ட்பேகிங்' என்பார்கள்.

இன்னொரு சொல் 'ஸ்டேக் ஹார்ஸ்'. ஆடாமல் பின்னால் நின்று பணம் போடுகிறவன். 1994இல் அந்தக் குதிரை நான்தான். ஸ்நூக்கர் ஆடிய பக்கத்துத் தெருப் பையன் ஒருவனுக்காக 4,000 ரூபாய் போட்டேன். ஜெயித்தால் ஆளுக்குப் பாதி, தோற்றால் முழுவதும் என் தலையில். பெரும்பாலும் அதுதான் வழக்கம். கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடிய நீலப் பந்தை அவன் மூன்று முறை தவறவிட்டான். மறுநாள் காசிமேட்டு டீக்கடையில் அவனும் அவனை ஜெயித்தவனும் ஒரே தட்டில் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார்கள். இப்படிப் பேசிவைத்துத் தோற்பதற்கும் ஒரு சொல் உண்டு, 'டம்ப்'. எனக்கு அது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

அம்மாவின் சங்கிலி அடகுக் கடையிலிருந்து திரும்பவே இல்லை. அக்காவின் பள்ளிக் கட்டணத்துக்குப் போனதாக இன்றுவரை நம்புகிறாள். போனில் உளறிவிடாதே.

அடுத்த முறை அந்த ஆளிடம் ஏழாம் பந்தையும் சேர்த்துக் கேட்டுப் பார். முகம் சுளித்து, பேரம் பேசி மறுத்தால் ஒருவேளை நல்லவனாக இருக்கலாம். யோசிக்காமல் தலையாட்டினான் என்றால், மேஜை வாடகையில் உன் பங்கை வைத்துவிட்டுக் கிளம்பு.

அப்பா